ஜனவரியில் ஆர்லாண்டோ, அம்மாவோடு ஐந்து பேர், 3,500 டாலர்: கணக்கு இடிக்கிறது

கேட்டவர்: கொலம்பஸ்_குளிர்காரன்

எல்லோருக்கும் வணக்கம். ஒஹாயோவில் பனி தள்ளித் தள்ளி இடுப்பு விட்டுப்போன ஒரு குடும்பஸ்தனின் கேள்வி இது. ஜனவரி கடைசி வாரம் ஐந்து நாள் ஆர்லாண்டோ போவது என்று வீட்டில் முடிவாகிவிட்டது. முடிவெடுத்தது மகள். பணம் கட்டுவது நான்.

ஆட்கள்: நான், மனைவி, ஒன்பது வயது மகள், ஒரு மகன். மகனுக்கு பிப்ரவரி 11 வந்தால் மூன்று முடிகிறது. டிஸ்னியில் மூன்று வயது ஆகாத பிள்ளைக்கு டிக்கெட் வேண்டாம் என்பதால்தான் ஜனவரியைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறேன். மகளுக்கும் ஜூனில் பத்து வந்துவிடும், அப்புறம் அவளும் பெரியவர் கணக்கு. ஐந்தாவது ஆள் அம்மா. கோவில்பட்டியிலிருந்து வந்திருக்கிறார், மார்ச்சில் திரும்புகிறார். முழங்கால் வலி. சேர்ந்தாற்போல் அரை மணி நேரம் நிற்க முடியாது. சுத்த சைவம், வெளிச்சாப்பாடு என்றாலே வயிற்றைப் பிடித்துக்கொள்வார்.

விமானம், கார், ஓட்டல், டிக்கெட், சாப்பாடு எல்லாம் சேர்த்து 3,500 டாலர். அதற்கு மேல் ஒரு டாலர் போனாலும் கிரெடிட் கார்டுதான். அந்தப் பழக்கத்தைப் போன வருஷத்தோடு விட்டுவிட்டேன்.

டிஸ்னியின் நான்கு பார்க்கையும் நான்கு நாளில் பார்ப்பது என் திட்டம். எக்செல்லில் போட்டுப் பார்த்தால் டிக்கெட்டே பாதிக்கு மேல் தின்றுவிடுகிறது. அதனால் இரண்டு யோசனை. ஒன்று, அம்மாவுக்கு டிக்கெட் எடுக்காமல் ஓட்டலிலேயே ஓய்வெடுக்கச் சொல்வது. அவரால் எப்படியும் ரைடு எதிலும் ஏற முடியாது. இரண்டு, 90 நிமிடம் ஒரு விளக்கக் கூட்டத்தில் உட்கார்ந்தால் டிக்கெட் பாதி விலை என்று ஒரு விளம்பரம் வந்திருக்கிறது. யாராவது போயிருக்கிறீர்களா?

பதில் 1: ராலே_வாசி

போயிருக்கிறேன். 90 நிமிடம் என்றார்கள், வெளியே வரும்போது நாலு மணி நேரம் ஆகியிருந்தது. காலைச் சாப்பாடு போட்டார்கள், அது நிஜம். அப்புறம் வருஷத்துக்கு ஒரு வாரம் தங்கும் உரிமையை ஆயுசுக்கும் வாங்கச் சொல்லி ஒருவர் மாற்றி ஒருவர் வந்து உட்கார்ந்தார்கள். நான்காவது ஆள் வந்தபோது என் மனைவி கையெழுத்துப் போடத் தயாராகிவிட்டாள், குழந்தை அப்படி அழுதது. டிக்கெட் கிடைத்ததா என்றால் கிடைத்தது. ஐந்து நாள் பயணத்தில் ஒரு காலைப்பொழுதை விற்றுத்தான் கிடைத்தது.

சாலையோரக் கடைகளில் "மீதி நாள் உள்ள டிக்கெட்" என்று விற்றால் பக்கத்திலேயே போகாதீர்கள். டிஸ்னி டிக்கெட்டை ஒருவர் பெயரிலிருந்து இன்னொருவருக்கு மாற்ற முடியாது, வாசலில் விரல் வைத்துப் பார்க்கிறார்கள்.

விமானம் பற்றி ஒன்று. ஆர்லாண்டோவுக்குப் பதில் சான்ஃபோர்டு விமான நிலையத்தில் இறங்கும் மலிவு விமானம் கண்ணில் பட்டால் பெட்டிக்கான காசையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள். அங்கிருந்து டிஸ்னிப் பக்கம் வர ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ள வேண்டும், 417-ஆம் சாலையில் வந்தால் வழியெல்லாம் சுங்கம். வாடகைக் கார்க்காரர் அந்தச் சுங்கத்தின் மேல் நாளுக்கு இவ்வளவு என்று தனியாக ஒரு கட்டணம் போடுவார், கையெழுத்துப் போடும் முன் கேட்டுவிடுங்கள்.

பதில் 2: தம்பா_அக்கா

தம்பி, பதினான்கு வருஷமாகத் தம்பாவில் இருக்கிறேன். ஆர்லாண்டோ எங்களுக்கு ஒன்றரை மணி நேர ஓட்டம். ஊரிலிருந்தும் நியூ ஜெர்சியிலிருந்தும் வரும் சொந்தங்கள் என்னைப் பார்க்கவா வருகிறார்கள்? மிக்கியைப் பார்க்க வருகிறார்கள், என் வீடு சத்திரம். இதுவரை பதினொரு குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். அந்த உரிமையில் சொல்கிறேன், அந்த நான்கு நாள் திட்டத்தை முதலில் அழியுங்கள்.

நம் ஆட்கள் எல்லோரும் வாசலுக்கு உள்ளே போன பிறகுதான் மிச்சம் பிடிக்கப் பார்ப்பார்கள். பலூன் கேட்டு அழும் பிள்ளையை அதட்டுவார்கள், ஐஸ்கிரீமை இரண்டு பேருக்கு ஒன்றாகப் பங்கு போடுவார்கள். காசு போவது அங்கே இல்லை. வாசலை எத்தனை தடவை தாண்டுகிறீர்கள் என்பதில்தான் போகிறது. ஒரு நாள் டிக்கெட்டே தேதியையும் பார்க்கையும் பொறுத்து 120 டாலரில் தொடங்கி 200 வரைக்கும் அதற்கு மேலும் ஏறும். மேஜிக் கிங்டம்தான் விலை கூட, அனிமல் கிங்டம் குறைவு. என் நாத்தனார் குடும்பம் நான்கு நாள் டிக்கெட் எடுத்தது. மூன்றாம் நாள் பையனுக்குக் காய்ச்சல், நான்காம் நாள் யாருக்கும் எழுந்திருக்கவே தெம்பில்லை. தூங்கியே செலவழித்த டிக்கெட்டை அண்ணன் இன்னும் சொல்லிக்காட்டுவார்.

இரண்டு நாள் போதும். இரண்டு நாள் டிக்கெட்டைத் தொடங்கும் தேதியிலிருந்து நான்கு நாளுக்குள் பயன்படுத்தலாம், அடுத்தடுத்த நாளாக இருக்க வேண்டும் என்பதில்லை. செவ்வாய் மேஜிக் கிங்டம், புதன் ஓய்வு, வியாழன் அனிமல் கிங்டம். ஜனவரி கடைசி வாரம் நல்ல தேர்வு. டிஸ்னியே நடத்தும் மாரத்தானும் மார்ட்டின் லூதர் கிங் விடுமுறையும் அதற்குள் முடிந்துவிடும், கூட்டம் கொஞ்சம் அடங்கியிருக்கும். ஒன்று சொல்லிவிடுகிறேன், வெயில் வெயில் என்று அரைக்கால் சட்டையோடு வந்து இறங்காதீர்கள். பகலில் 22 டிகிரி இருக்கும், விடியற்காலையில் 10-க்கு வந்துவிடும். ஒஹாயோக்காரருக்கு அது கோடைதான், அம்மாவுக்கு ஸ்வெட்டர் வேண்டும்.

மேஜிக் கிங்டமில் காரை நிறுத்தும் இடம் ஒன்று, பார்க் வாசல் வேறொன்று. நடுவில் ஏரி. மோனோரயிலோ படகோ பிடித்துத்தான் அக்கரை போக வேண்டும். எனவே திறக்கும் நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் நீங்கள் தங்கும் இடத்தை விட்டுக் கிளம்புங்கள். முதல் ஒரு மணி நேரத்தில் முடிக்கும் ரைடுகள் அப்புறம் மத்தியானம் முழுக்க நின்றாலும் முடியாது. இதைச் செய்தால் வரிசையைத் தாண்டிப் போகும் லைட்னிங் லேனுக்குத் தனியாகக் காசு கொடுக்க வேண்டியதில்லை, அந்த வாரத்தில் எனக்கு அது தண்டம்தான். பார்க்கிங்குக்குத் தனிக் காசு.

மகளுக்குப் பெரிய ரைடு, மகனுக்கு உயரம் போதாது. ஏழு குள்ளர்கள் சுரங்க ரயிலுக்கு 38 அங்குலம் கேட்பார்கள், ஸ்பேஸ் மவுண்டனுக்கு 44. இதற்கு "ரைடர் ஸ்விட்ச்" என்று ஒரு வசதி இருக்கிறது. நீங்களும் மகளும் வரிசையில் நின்று ஏறிவிட்டு வந்ததும், வெளியே பையனோடு இருந்த உங்கள் மனைவி நீண்ட வரிசை இல்லாமல் உள்ளே போகலாம். கூட ஆள் அழைத்துப் போகலாம் என்பதால் மகளுக்கு அதே ரைடு இரண்டாம் தடவை. வாசலில் நிற்கும் ஊழியரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும், காசு கிடையாது.

இனி அம்மா விஷயம். அவரால் எதிலும் ஏற முடியாது என்று சொன்னது அம்மாவா, நீங்களா? ஏழு கடல் தாண்டி வந்தவரை ஓட்டல் அறையில் டிவியோடு விட்டுவிட்டுப் போவதற்கு அவர் கொலம்பஸிலேயே இருந்துவிடுவாரே. மேஜிக் கிங்டமில் "இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்ட்" படகு இருக்கிறது. 1964-இல் நியூயார்க் உலகக் கண்காட்சிக்காகச் செய்ததன் மறுபதிப்பு. பொம்மைகள் பாடிக்கொண்டே இருக்கும், நமக்கு மூன்று நாள் காதில் ஒலிக்கும். அம்மாக்களுக்குப் பிடிக்கும். பீப்பிள்மூவர் என்று மேலே மெதுவாகச் சுற்றும் வண்டி ஒன்று, காற்றாட உட்கார்ந்து பார்க் பாதியைப் பார்த்துவிடலாம். நகரும் மேடையிலிருந்து ஏற வேண்டும், கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அனிமல் கிங்டமில் கிளிமஞ்சாரோ சஃபாரி. திறந்த வண்டியில் ஒட்டகச்சிவிங்கி, யானை, சிங்கம் எல்லாம் நிஜமாகவே. கொஞ்சம் குலுக்கும், நம் ஊர் டவுன் பஸ்ஸில் போனவருக்கு அது ஒன்றுமில்லை. அதே பார்க்கில் இடிந்த அரண்மனை மாதிரி கட்டி உள்ளே புலி விட்டிருக்கிறார்கள், பெயர் மகாராஜா ஜங்கிள் ட்ரெக். சுவரில் காரை உதிர்ந்தது போல, சுவரொட்டி கிழிந்தது போல எல்லாம் காசு செலவழித்துச் செய்திருக்கிறார்கள். என் மாமியார் பார்த்துவிட்டு, "இதை நம்ம ஊர்ல சும்மாவே பாக்கலாமே" என்றார். புலியை விட்டுவிட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சக்கர நாற்காலி கட்டாயம். முழங்கால் வலிக்கு வரிசையில் தனிச் சலுகை கிடைக்காது, ஆனால் பெரும்பாலான வரிசைகளில் நாற்காலியோடே போகலாம். "நான் என்ன நோயாளியா" என்பார்கள். என் மாமியாருக்கு "பைகளை வைக்கத்தான் வண்டி" என்று சொல்லி எடுத்தேன். பதினொரு மணிக்குப் பைகள் என் தோளில், அவர் வண்டியில்.

சாப்பாட்டுக் கவலையே வேண்டாம். டிஸ்னிக்குள் வீட்டுச் சாப்பாடு கொண்டுபோகலாம். ஆர்லாண்டோவின் இன்னொரு பெரிய பார்க்கான யூனிவர்சலில் நொறுக்குத் தீனிக்கு மேல் விட மாட்டார்கள், நீங்கள் அந்தப் பக்கம் போகாததற்கு இதுவும் ஒரு காரணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடிப் பாத்திரம் மட்டும் கூடாது, ஊறுகாயைப் பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றுங்கள். குளிர்ந்த தண்ணீர் சாப்பாட்டுக் கவுண்டரில் கேட்டால் கோப்பையில் இலவசம். கிஸ்ஸிம்மியில் 192-ஆம் சாலையோரம் சமையல் மேடை உள்ள அறையாகப் பாருங்கள். விலையோடு 13.5 சதவீதம் வரி, சில இடங்களில் ரிசார்ட் கட்டணம் என்று வேறு வரும், கடைசிப் பக்கத் தொகையை மட்டும் நம்புங்கள். குக்கரைப் பெட்டியில் வையுங்கள். புளிக்காய்ச்சல் பாட்டிலைக் கைப்பையில் வைத்தால் விமான நிலையத்தில் பறிபோகும்.

ஓய்வு நாளுக்குப் பேர்தான் ஓய்வு. காலையிலேயே புளூ ஸ்பிரிங் ஸ்டேட் பார்க் போங்கள், ஒரு காருக்கு 6 டாலர், உள்ளே எட்டுப் பேர் வரை இருக்கலாம். அந்த ஊற்றில் வருஷம் முழுக்க 22 டிகிரி. ஆற்றில் குளிர் ஏறும்போது மனாட்டி என்னும் கடற்பசுக்கள் கூட்டம் கூட்டமாக உள்ளே வந்துவிடும். நம் பாக் நீரிணையில் இருக்கும் ஆவுளியாவுக்கு ஒன்றுவிட்ட உறவு. எவ்வளவு குளிரோ அவ்வளவு கூட்டம், மனாட்டியும் சரி மனுஷரும் சரி. இடம் நிறைந்தால் கேட்டைச் சாத்திவிடுவார்கள். மரப்பாலத்தில் நின்று பார்ப்பதுதான், நடை குறைவு. நான் கூட்டிப்போன பதினொரு குடும்பத்தில் ஏழு குடும்பத்துப் பிள்ளைகள் இன்றைக்கும் கேட்பது மிக்கியை இல்லை, இந்தக் குண்டு மாடுகளைத்தான்.

கடைசி நாள் கோகோ பீச். கடல் இலவசம். கேப் கனாவரலிலிருந்து ராக்கெட் விடும் நாளாக அமைந்தால் கரையில் நின்றே பார்க்கலாம், அட்டவணையை முன்னாலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

பதில் 3: ஸ்காபரோ_காரர்

தம்பா அக்கா சொன்னது எல்லாம் சரி. நாங்கள் போன வருடம் ரொறன்ரோவிலிருந்து காரிலேயே போனோம், இரண்டு குடும்பம். ஜோர்ஜியாவில் ஒரு இரவு தங்கினோம். டேவன்போர்ட் பக்கம் நான்கு அறை வீடு ஒன்றை எடுத்துப் பங்கு போட்டதில் ஓட்டலை விட மலிவாக வந்தது, சமைத்துச் சாப்பிடவும் வடிவான குசினி. ஆனால் ஒன்று. வீட்டோடு நீச்சல் குளம் இருக்கிறது என்று பிள்ளைகளுக்கு ஆசை காட்டிக் கூட்டிப்போனோம். குளத்தைச் சூடாக்க நாளுக்கு இவ்வளவு என்று தனிக் காசு, அது விளம்பரத்தின் கடைசி வரியில் இருந்தது. ஜனவரித் தண்ணீரில் கால் வைத்த என் மூத்தவன், "அப்பா, இதற்கு ஒன்ராறியோ ஏரியே போதும்" என்றான்.

கேட்டவர்: கொலம்பஸ்_குளிர்காரன்

எல்லோருக்கும் நன்றி. விளக்கக் கூட்டத்துக்கு முழுக்கு. நான்கு நாளை இரண்டாக வெட்டி மறுபடி எக்செல் போட்டேன், 3,180-இல் நிற்கிறது. மிச்சத்தைப் பலூனுக்கு ஒதுக்கியிருக்கிறேன்.

அக்கா, நீங்கள் கேட்ட கேள்வி சுருக்கென்று தைத்தது. நேற்று ராத்திரி அம்மாவிடம் நேராகவே கேட்டேன், "நீங்க பார்க்குக்கு வாறீங்களா, ரூம்ல இருக்கீங்களா" என்று. பருப்பு கடைந்துகொண்டே சொன்னார்: "செம்பகவல்லி அம்மன் கோயில் திருவிழாவுல தொட்டி ராட்டினத்துல ஏறுனவ நான். உங்கப்பாதான் கீழ நின்னு கண்ண மூடிக்கிட்டாரு." எனக்கு நாற்பத்தொரு வயது, இந்தக் கதையை இப்போதுதான் கேட்கிறேன்.

இப்போது புதுச் சிக்கல். பேத்தியும் பாட்டியும் உட்கார்ந்து வீடியோ பார்த்து ஸ்பேஸ் மவுண்டனைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். முழங்காலுக்கு ஒத்துக்கொள்ளுமா?

பதில் 4: தம்பா_அக்கா

வேண்டாம் தம்பி. இருட்டில் வெட்டி வெட்டித் திருப்பும், உட்காருமிடம் தரையோடு தரையாக இருக்கும். முழங்கால் சரியாக இருப்பவர்களே இறங்கும்போது முனகுவார்கள். கோட்டைக்குப் பின்னால் குதிரை ராட்டினம் இருக்கிறது. அத்தனை குதிரைகளுக்கு நடுவே ஒரே ஒரு ரதம், பெஞ்சு மாதிரி உட்காரலாம். முன்னாலேயே ஊழியரிடம் கேட்டு அம்மாவை அதில் உட்கார வையுங்கள், பேரன் மடியில். ஸ்பேஸ் மவுண்டன் மூடியிருக்கிறது என்று சொல்லிவிடுங்கள், அந்தப் பாவம் என் கணக்கில் இருக்கட்டும்.

புளியோதரைக்கு நல்லெண்ணெய் கொஞ்சம் கூடவே விடச் சொல்லுங்கள். காலைக் குளிரில் இறுகிவிடும்.