கீழே புகை அலாரம் அடித்தால் இரண்டாம் மாடியில் அடிப்பதில்லை

வணக்கம். ஒயர்லெஸ்ஸில் ஒன்றோடொன்று இணையும் புகை அலாரங்களைத் தளத்துக்கு ஒன்றாக மாட்டியிருக்கிறோம். தரைத்தளத்தில் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் முதல் மாடி உடனே அலறுகிறது. இரண்டாம் மாடி சில நேரம் அடிக்கிறது, பல நேரம் சத்தமே இல்லை. அங்கேதான் அம்மா தூங்குகிறார், காது கொஞ்சம் மந்தம். கதவைச் சாத்திவிட்டால் கீழே அடிப்பது அவருக்குக் கேட்கவே கேட்காது. இதை இப்படியே விட மனமில்லை.

கட்டடம் பழையது. ஒன்றரை அடி செங்கல் சுவர், தளங்களுக்கு இரும்பு உத்திரம், படிக்கட்டு ஓரமாகத் தனிச் சுவர்களுக்குள் ஏறுகிறது. அலாரங்கள் எல்லாம் ஒரே மாடல்: ஒளிமின் வகை (புகையை ஒளியால் கண்டறிவது), 433 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ சிக்னல், கழற்ற முடியாத 10 ஆண்டு லித்தியம் பேட்டரி. மாட்டிச் சில வாரம்தான் ஆகிறது, முதல் நாளிலிருந்தே இதே கதை.

எல்லாவற்றையும் ரீசெட் செய்து மறுபடி இணைத்தேன். மேல்மாடி அலாரத்தைக் கீழே கொண்டுவந்து வைத்தால் ஒவ்வொரு முறையும் சரியாக அடிக்கிறது, ஆக அதில் பழுதில்லை. உத்திரத்தை விட்டுத் தள்ளி மாட்டினேன். கொஞ்சம் தேவலை, ஆனால் நம்பி இருக்க முடியாது. அப்புறம் படிக்கட்டுத் திருப்பத்தில் இன்னொன்றையும் வைத்துப் பார்த்தேன், பயனில்லை. வந்த சிக்னலை இந்த மாடல் திரும்ப அனுப்பாது போலிருக்கிறது. கையேட்டில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. சுவரை உடைத்து வயர் இழுக்க அனுமதி கிடையாது.

சிக்னலை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கடத்தும் மெஷ் வகை அலாரங்களை இப்படிப்பட்ட கட்டடத்தில் மாட்டியவர்களுக்கு, இரண்டு தளம் தாண்டியும் ஒவ்வொரு முறையும் தவறாமல் அடிக்கிறதா?