ஐ2சி டிரைவர்: ஒருமுறை -110 (டைம்அவுட்) பிழை வந்தால் பஸ் மறுபடி எழுவதே இல்லை, உதவுங்கள்

கேள்வி (கானாடுகாத்தான்)

வணக்கம். இங்கே ஒரு பழைய நகரத்தார் வீட்டின் மரக் கூரையில் ஈரப்பதம் எப்படி ஏறி இறங்குகிறது என்று வருஷம் முழுக்கப் பதிய வேண்டும். எஃப்பிஜிஏ (உள்சுற்றை நாமே வடிவமைக்கக்கூடிய சிப்) போர்டில் லினக்ஸ் ஓடுகிறது. உள்ளே இருக்கும் ஐ2சி (இரண்டு சிக்னல் லைனில் சென்சாரோடு பேசும் பஸ்) கன்ட்ரோலர் நாங்களே வடிவமைத்தது, அதனால் கெர்னல் டிரைவரையும் நானே எழுதுகிறேன். போர்டு முகப்பில், ஈரப்பதம் அளக்கும் பிஎம்இ280 சென்சார் வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில். நடுவே வளவை (உள்முற்றப் பகுதி) சுற்றி 12 மீட்டர் கேட்5 கேபிள். சுண்ணாம்புப் பூச்சுச் சுவரில் துளை போட முடியாது, எனவே வேறு குறுக்கு வழி இல்லை.

மேஜையில் சின்ன ஒயரில் எல்லாம் சரி. ஹெக்ஸ் (பதினாறு அடிமான எண்) 76 முகவரியில் சென்சார் தெரிகிறது, சிப்பின் அடையாள எண் உள்ள டி0 ரெஜிஸ்டரைப் படித்தால் 60 வருகிறது. நீளக் கேபிளில் கொஞ்ச நேரம் ஓடிவிட்டு -110. அப்புறம் ஒரு ரீடும் நடப்பதில்லை. மாட்யூலை எடுத்துப் போட்டாலும் போர்டையே ரீபூட் செய்தாலும் அதே கதைதான். சென்சாரின் பவர் ஒயரைக் கழற்றி மாட்டினால்தான் உயிர் வருகிறது. டிவைஸ் ட்ரீயில் (ஹார்டுவேரைக் கெர்னலுக்கு விவரிக்கும் கோப்பு) வேகத்தை 10 கிலோஹெர்ட்ஸ் ஆக்கியும் பலனில்லை. டைம்அவுட்டைக் கூட்டலாமா?

பதில் (தேவகோட்டை)

டைம்அவுட்டைத் தொடாதீர்கள் தம்பி. ரீபூட்டுக்கு மசியாதது பவரை எடுத்தால் சரியாகிறதே, துப்பு அங்கேதான் இருக்கிறது. சென்சார் ஒரு 0 பிட்டை அனுப்பிக்கொண்டிருக்கும்போது கிளாக் நின்றுவிட்டால், அது எஸ்டிஏ என்ற டேட்டா லைனைக் கீழே இழுத்துப் பிடித்தபடி அடுத்த கிளாக்குக்காகக் காத்திருக்கும். உங்கள் கன்ட்ரோலர் ரீசெட் ஆனது அதற்குத் தெரியாது.

மாட்டிக்கொண்ட நேரத்தில் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். எஸ்சிஎல் (கிளாக் லைன்) 3.3 வோல்ட்டிலும் எஸ்டிஏ சுழியத்தை ஒட்டியும் இருந்தால் இதுதான். ஐ2சி விதிப்படி மருந்து, எஸ்சிஎல்லில் 9 கிளாக் துடிப்பு. கெர்னலில் அதற்கான பஸ் ரெக்கவரி வசதி தயாராகவே இருக்கிறது. எஸ்சிஎல்லை நேரடியாக ஏற்றி இறக்கவும், இரண்டு லைன்களையும் படிக்கவும் கன்ட்ரோலரில் பிட் வைத்து, அந்தச் சின்னச் சின்ன ஃபங்ஷன்களை ரெக்கவரி ஸ்ட்ரக்சரில் கொடுத்தால் மீதியைப் பொதுவான எஸ்சிஎல் ரெக்கவரியே பார்த்துக்கொள்ளும். ஆனால் தானாக ஓடாது. டைம்அவுட் ஆனதும் எஸ்டிஏ கீழே இருக்கிறதா என்று பார்த்து உங்கள் டிரைவர்தான் கூப்பிட வேண்டும்.

இன்னொன்று. எல்லாத் தோல்விக்கும் -110 திருப்பாதீர்கள். முகவரிக்கு ஏசிகே (கிடைத்தது என்ற பதில்) வரவில்லை என்றால் -6, ஆர்பிட்ரேஷனில் (பஸ் யாருக்கு என்ற போட்டி) தோற்றால் -11. -11 வந்தால் ஐ2சி கோர் தானே மறுபடி முயலும், எத்தனை முறை என்பதை நீங்கள் அடாப்டரில் குறித்திருந்தால்.

பதில் (காரைக்குடி)

அண்ணன் சொன்னது மீட்கிற வழி. விழாமல் இருக்கக் கேபிளைப் பாருங்கள். கேட்5 கேபிளின் கெபாசிட்டன்ஸ் மீட்டருக்குச் சுமார் 50 பிகோஃபாரட், 12 மீட்டருக்கு 600. ஐ2சி அனுமதிப்பது 400தான். புல்-அப் (லைனை மேலே இழுக்கும் ரெசிஸ்டர்) 4.7 கிலோஓம் என்றால் சிக்னல் மேலே ஏறவே 2.4 மைக்ரோசெகண்ட் ஆகும், 100 கிலோஹெர்ட்ஸ் பஸ்ஸுக்கு வரம்பு 1. 1.8 கிலோஓம் போடுங்கள். எஸ்டிஏவும் எஸ்சிஎல்லும் ஒரே முறுக்கு ஜோடியில் போகக் கூடாது. ஒவ்வொன்றும் ஒரு கிரவுண்டோடு தனித்தனி ஜோடியில் போகட்டும்.

கேட்டவர்

எஸ்டிஏ சுழியத்தில்தான் இருக்கிறது! லாஜிக் அனலைசரையும் மாட்டினேன். 10 கேட்டால் கேபிளில் 43 கிலோஹெர்ட்ஸ் ஓடுகிறது. கன்ட்ரோலரின் கிளாக் 50 மெகாஹெர்ட்ஸ், ஒரு பிட்டுக்கு 5 கட்டம்.

பதில் (தேவகோட்டை)

50 மெகாஹெர்ட்ஸை 5 × 10,000 ஆல் வகுத்து 1 கழித்தால் கிளாக் டிவைடரின் மதிப்பு 999, ஹெக்ஸில் 3இ7. கீழ் பைட் இ7 மட்டும் போனால் அது 231. கணக்குப் போடுங்கள், சரியாக 43 வரும். 100 கிலோஹெர்ட்ஸுக்கு மதிப்பு 99, ஒரே பைட்டில் அடங்குவதால் மேஜையில் தெரியாமல் போயிருக்கும். மேல் பைட்டையும் எழுதுங்கள். லினக்ஸ் மெயின்லைனில் உள்ள ஓப்பன்கோர்ஸ் ஐ2சி டிரைவரின் இனிட் ஃபங்ஷனையும் படித்துப் பாருங்கள், இதே வகை டிவைடரை இரண்டு ரெஜிஸ்டரில் எழுதுகிறது.

கேட்டவர்

இரண்டு பைட்டும் போகிறது, இப்போது அனலைசரில் 10. புல்-அப், ஜோடி இரண்டையும் மாற்றியாயிற்று, ஓட்டம் நிற்கவில்லை. சோதனைக்காக ரீட் நடுவில் போர்டை ரீசெட் செய்தேன். எஸ்டிஏ மாட்டியது, 9 துடிப்புக்குள் விட்டுவிட்டது. இருவருக்கும் மனமார்ந்த நன்றி. அடுப்படிப் பக்கமும் ஒரு சென்சார் வேண்டும், இன்னும் 15 மீட்டர் போகும். இதே பஸ்ஸில் சேர்க்கலாமா?

பதில் (காரைக்குடி)

வேண்டாம். அங்கே ஒரு சின்ன மைக்ரோகன்ட்ரோலர் வைத்துச் சென்சாரைப் பக்கத்திலேயே படியுங்கள், போர்டு வரை ஆர்எஸ்-485 (நீண்ட தூரத்துக்கான ஒயர் தொடர்பு முறை) இழுங்கள். அந்தத் தூரமெல்லாம் அதற்குச் சர்வசாதாரணம்.