'வார் ஹார்ஸ்' பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டியவர்கள் உண்டா?

மைக்கேல் மோர்பர்கோ 1982இல் எழுதிய இந்த நாவலை ஒன்பது வயது மகளுக்கு இரவில் படித்துக் காட்டுகிறேன். முதல் உலகப் போரில் ராணுவத்துக்கு விற்கப்பட்ட ஜோயி என்ற குதிரையே கதை சொல்கிறது. அதற்கு பிரிட்டிஷ், ஜெர்மன் பேதமெல்லாம் கிடையாது. யார் அன்பாகத் தடவிக்கொடுக்கிறார்கள் என்பதுதான் கணக்கு. முள்கம்பியில் கிழிபட்டு இரு படைகளுக்கும் நடுவே நிற்கும் அது யாருக்கு என்று இரண்டு சிப்பாய்கள் காசு சுண்டிப் பார்க்கும் இடம் அபாரம்.

சிக்கல் அதற்கு முன்பே வருகிறது: ஜோயியின் தோழனான டாப்தார்ன் என்ற இன்னொரு குதிரை சாகும் அத்தியாயம். தெருநாய் நொண்டினாலே கண்கலங்குபவள் இவள். அதைத் தாண்டிப் போகலாமா, அப்படியே படிக்கலாமா? உங்கள் பிள்ளைகள் எப்படி எடுத்துக்கொண்டார்கள்? அப்புறம், பதுங்குகுழிப் போரை இந்த வயதுக்குப் புரியவைக்கும் படப் புத்தகம் ஏதாவது தெரிந்தால் சொல்லுங்கள். சினிமா இப்போதைக்கு வேண்டாம்.