மிகுபுனைவு நாவல்: பிரதி முடிந்ததிலிருந்து புத்தகம் வரும்வரை எங்கெல்லாம் சிக்குகிறது? (அனுபவப் பகிர்வு)

இழையைத் தொடங்கியவர்

எழுதி முடித்த மிகுபுனைவு (ஃபேன்டஸி) நாவல் அச்சேறுவதற்குள் எங்கெல்லாம் ஏறி இறங்குகிறது என்பதைத் துறைக்குள் இருப்பவர்கள் எழுதட்டும் என்றுதான் இந்த இழை. ஒரே நிபந்தனை: “என் நாவலை இத்தனை பேர் திருப்பி அனுப்பினார்கள்” வகைக் கதைகள் வேண்டாம். படித்து முடித்தால் பெருமூச்சுதான் மிச்சம். எந்தக் கட்டத்தில் என்ன கேட்கிறார்கள், எது திரும்பி வருகிறது, ஏன் வருகிறது, அதை மட்டும் எழுதுங்கள். முகவர் (எழுத்தாளர் சார்பில் பதிப்பகங்களிடம் பிரதியை விற்றுத் தருபவர்) வழியாகப் பதிப்பகத்துக்குப் போகும் ஆங்கிலச் சந்தையை வைத்துப் பேசுவோம். சுயபதிப்பு தெரிந்தவர்களும் வரலாம்.

முகவருக்காகப் பிரதி படிப்பவர்

அஞ்சலைத் திறந்ததும் கண் முதலில் போவது சொல் எண்ணிக்கைக்கு. பெரியவர்களுக்கான மிகுபுனைவில் முதல் நாவல் என்றால் 90,000 முதல் 1,20,000 சொல் வரை கேள்வி எழாது. 1,50,000 தாண்டினால் கடிதத்தைப் படிக்காமலேயே மூடுகிறவர்கள் உண்டு. பதின்ம வயதினருக்கான நாவல் என்றால் 70,000 முதல் 1,00,000. இதில் ரசனைக்கு இடமில்லை, எல்லாம் செலவுக் கணக்கு. சொல் கூடினால் தாள், கட்டுமானம், எடிட்டிங் நேரம், ஒலிநூல் பதிவு எல்லாம் கூடும். அட்டை விலையை அதே வேகத்தில் கூட்ட முடியாது. ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ ஒரே நூலாக வரவேண்டும் என்றுதான் டோல்கீன் விரும்பினார். போருக்குப் பிந்தைய தாள் செலவைக் கணக்கிட்ட பதிப்பகம் 1954-55இல் அதை மூன்றாகப் பிரித்தே வெளியிட்டது.

அதைப் பார்த்து மூன்று லட்சம் சொல் பிரதியை நடுவில் வெட்டி ‘முதல் பாகம்’ என்று அனுப்பாதீர்கள். வெட்டிய இடத்தில் கதை முடிந்திருக்காது. சுருக்கும்போது வரிவரியாகக் குறைத்தால் பத்து சதவீதம் போவதே பெரிது. அதற்கு முன் யார் யார் பார்வையில் கதை நகர்கிறது என்று எண்ணுங்கள். ஆறு பேர் என்றால், யாருடைய அத்தியாயங்களை எடுத்தாலும் உச்சக்கட்டம் குலையாமல் நிற்கிறதோ அவருடையதை எடுங்கள். இருபதாயிரம் சொல் ஒரே வெட்டில் குறைவது அப்படித்தான்.

அடுத்தது க்வெரி கடிதம், அதாவது நாவலை முகவருக்கு அறிமுகப்படுத்தும் கடிதம். ஒரு பக்கம், 250 முதல் 350 சொல். மிகுபுனைவு எழுதுகிறவர்கள் இங்கே சறுக்குவது பெயர்ச்சொற்களில். கதை சொல்லும் இரண்டு பத்திக்குள் நாடு, குலம், கடவுள், மந்திர முறை எல்லாம் சேர்த்து நான்குக்கு மேல் புதுப் பெயர் வந்தால் படிப்பவர் மனதில் எதுவும் தங்காது. நாயகிக்கு என்ன வேண்டும், தடுப்பது யார், தவறினால் எதை இழப்பாள்: இந்த மூன்றும் தெரிந்தால் போதும். ஆயிரம் வருட வம்ச வரலாறு பிரதியிலேயே இருக்கட்டும். கடைசிப் பத்தியில் தலைப்பு, வகை, சொல் எண்ணிக்கை, ஒப்பீட்டு நூல்கள் (உங்கள் நாவலைப் போன்ற புத்தகங்கள்) இரண்டு. அவை கடந்த மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்குள் வந்தவையாக இருக்க வேண்டும். உலகமே அறிந்த வெற்றியோடு ஒப்பிட்டால், இவர் இப்போது வரும் புத்தகங்களைப் படிப்பதில்லை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

கதைச்சுருக்கம் தனி. ஒன்று அல்லது இரண்டு பக்கம், நிகழ்காலத்தில், முடிவோடு. “பிறகு என்ன நடந்தது?” என்று நிறுத்துவது பின்னட்டைக்குச் சரி. முகவர் சுருக்கத்தைப் படிப்பதே முடிச்சு ஒழுங்காக அவிழ்கிறதா, இல்லை எங்கிருந்தோ ஒரு மந்திரம் வந்து காப்பாற்றிவிடுகிறதா என்று பார்க்கத்தான்.

மாதிரிப் பக்கங்கள் சிலர் 5 கேட்பார்கள், சிலர் 10, சிலர் முதல் மூன்று அத்தியாயம். ப்ரோலாக் (முதல் அத்தியாயத்துக்கு முன் வரும் முன்கதை) இருந்தால் அந்த ஐந்து பக்கத்தையும் அதுவே தின்றுவிடும். நூறாண்டுக்கு முந்தைய போர், பெயரில்லாத ஒருவன் சாவு, அவ்வளவுதான். மாதிரி முடிந்தும் நாயகி வந்திருக்க மாட்டாள். ப்ரோலாக்கை நீக்கிப் பாருங்கள். பத்தில் எட்டுக்கு ஒன்றும் குறையாது என்பது என் கணிப்பு.

பதில்

மேலே சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்க. பட்டியலில் இருக்கிற எல்லா முகவருக்கும் ஒரே நாளில் அனுப்பிவிடாதீங்க. ஒரு சுற்றுக்கு 5 முதல் 10 பேர். ஒரே நிறுவனத்தில் இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் அனுப்பக்கூடாது. அனுப்பிய தேதி, என்னென்ன அனுப்பினோம், எத்தனை வாரத்தில் பதில் என்று அவங்க தளத்தில் போட்டிருக்கு, வந்த பதில் என்ன, எல்லாத்தையும் ஒரு விரிதாளில் போட்டு வைங்க. 6 முதல் 12 வாரம் சாதாரணம். பதிலே வராவிட்டால் மறுப்பு என்று வெளிப்படையாக எழுதி வைத்திருப்பவர்களும் நிறைய.

அந்த விரிதாளே நோயைக் காட்டிக்கொடுக்கும். முதல் சுற்றில் யாரும் கூடுதல் பக்கம் கேட்கவில்லை என்றால் குறை கடிதத்திலோ முதல் பக்கங்களிலோ இருக்கு. முழுப் பிரதியைக் கேட்டு வாங்கி, பிறகு மறுக்கிறாங்க என்றால் கடிதத்தைத் தொடாதீங்க. குறை உள்ளே, அனேகமாக நடுப்பகுதியில். எல்லாருக்கும் ஒரே நாளில் அனுப்பியவருக்கு இந்தத் தகவலைப் பயன்படுத்த ஆளே மிச்சம் இருக்க மாட்டாங்க.

“திருத்தி மறுபடி அனுப்புங்கள்” என்று வருவது நல்ல செய்திதான், ஆனா வாக்குறுதி இல்லை. குறிப்புகள் உங்களுக்கே சரியாகப் படுதா என்று பாருங்க. சரி என்றால் இரண்டு மூன்று மாதம் எடுத்துச் செய்யுங்க. பத்து நாளில் திருப்பி அனுப்பினால் மேலோட்டமாகத் தொட்டிருக்கீங்க என்று திறக்கும் முன்பே தெரிந்துவிடும்.

காத்திருக்கிற நேரத்தில் அதே தொடரின் இரண்டாம் பாகத்தை எழுதாதீங்க. முதல் பாகம் விலைபோகாவிட்டால் இரண்டாம் பாகத்தை யாரிடமும் காட்ட முடியாது. வேறொரு உலகத்தில் புது நாவல் தொடங்குங்க. மிகுபுனைவு எழுத்தாளர் பிராண்டன் சாண்டர்சனின் முதல் புத்தகமாக 2005இல் வந்தது அவர் எழுதியவற்றில் ஆறாவது நாவல்.

இழையைத் தொடங்கியவர்

முகவர் சரி என்று சொன்ன பிறகு?

ஒப்பந்தங்கள் பார்ப்பவர்

முதலில், உடனே சம்மதிக்க வேண்டாம். பிரதியைக் கையில் வைத்திருக்கும் மற்ற முகவர்களுக்குத் தகவல் சொல்லி இரண்டு வாரம் அவகாசம் கேட்பது இத்துறையின் வழக்கம். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். இந்த நாவல் விற்காவிட்டால் அடுத்ததையும் எடுப்பீர்களா, பிரிய வேண்டுமானால் எத்தனை நாள் முன்னறிவிப்பு என்று இரண்டையும் அப்போதே கேட்டுவிடுங்கள். முகவரின் கழிவு (கமிஷன்) உள்நாட்டு விற்பனைக்கு 15 சதவீதம், வெளிநாட்டு உரிமைக்குப் பெரும்பாலும் 20. வாசிப்புக் கட்டணம், பதிவுக் கட்டணம் என்று முன்கூட்டியே காசு கேட்பவர் முகவரே அல்ல. பணம் எழுத்தாளரை நோக்கித்தான் வர வேண்டும். 1998இல் தொடங்கிய ‘ரைட்டர் பிவேர்’ என்ற கண்காணிப்பு அமைப்பு இப்படிப்பட்ட மோசடிகளைத்தான் தொடர்ந்து அம்பலப்படுத்துகிறது. முகவரின் பெயரை அங்கே ஒருமுறை தேடிப் பாருங்கள்.

முகவர் பிரதியைப் பதிப்பகங்களுக்கு அனுப்பிய பின் வரும் மௌனம் முதல் மௌனத்தைவிட நீளமானது. எடிட்டருக்குப் பிடித்தால் மட்டும் போதாது என்பதே காரணம். அவர் விற்பனை, விளம்பரப் பிரிவினர் உட்காரும் கூட்டத்தில் வரவு செலவுக் கணக்கோடு வாதாட வேண்டும். எடிட்டர் விரும்பியும் அந்தக் கூட்டத்தில் விழும் நாவல்கள் ஏராளம். “ஏற்கெனவே இதுபோல் ஒன்று எங்கள் பட்டியலில் இருக்கிறது” என்று பதில் வந்தால் அதைச் சொல்லுக்குச் சொல் நம்பலாம்.

விலைபோனால் முன்பணம் (பின்னால் வரும் ராயல்டியில் கழித்துக்கொள்ளப்படும் தொகை) மூன்று அல்லது நான்கு தவணையாக வரும்: கையெழுத்திட்டதும், இறுதிப் பிரதி ஏற்கப்பட்டதும், புத்தகம் வெளியானதும். உதாரணத்துக்கு 10,000 டாலர் முன்பணம், மூன்று தவணை என்றால், முகவர் கழிவு போகக் கைக்கு ஒருமுறை வருவது 2,833 டாலர். தவணைகளுக்கு இடையே ஓராண்டுகூட ஆகலாம். கெட்டி அட்டைக்கு அமெரிக்காவில் வழக்கமான ராயல்டி முதல் 5,000 பிரதிக்கு அட்டை விலையில் 10 சதவீதம், அடுத்த 5,000க்கு 12.5, பிறகு 15. பெரிய அளவு பேப்பர்பேக்குக்கு 7.5. மின்னூலுக்கு நிகர வரவில் 25. அட்டை விலை 20 டாலர் என்றால் மேலே சொன்ன முன்பணம் கழிய 5,000 கெட்டி அட்டைப் பிரதிகள் விற்க வேண்டும். கழியாவிட்டால் திருப்பித் தர வேண்டியதில்லை. முதல் ராயல்டி அறிக்கையைப் பார்த்துத் திடுக்கிடுபவர்களுக்கு: கடைகள் விற்காததைத் திருப்பி அனுப்பலாம் என்பதால் பதிப்பகம் ராயல்டியில் ஒரு பகுதியை நிறுத்திவைக்கும். அதற்கு உச்சவரம்பும் கால எல்லையும் ஒப்பந்தத்தில் வேண்டும்.

சரத்துகளில் மூன்றைச் சண்டை போட்டாவது மாற்றுங்கள். உரிமை எழுத்தாளருக்குத் திரும்பும் சரத்து ‘புத்தகம் கிடைக்கும்வரை’ என்றிருந்தால் மின்னூல் இருக்கும்வரை உரிமை திரும்பாது. ஆண்டுக்கு இத்தனை பிரதிக்குக் கீழே விற்பனை இறங்கினால் என்று எண் போடச் சொல்லுங்கள். ‘அடுத்த படைப்பை முதலில் எங்களுக்கே காட்ட வேண்டும்’ என்பதை ‘இதே உலகில் நடக்கும் அடுத்த நாவல்’ என்று சுருக்குங்கள். மூன்றாவதைக் கடைசியில் சொல்கிறேன், அது தொடர் எழுதுகிறவர்களுக்கு மட்டும்.

பிரதி மேம்படுத்துநர்

ஒப்பந்தத்துக்கும் வெளியீட்டுக்கும் நடுவே 18 முதல் 24 மாதம். கதையமைப்புத் திருத்தம், வரித் திருத்தம், பிரதி செம்மையாக்கம், மெய்ப்பு என்று அந்தக் காலம் போகும். மிகுபுனைவுக்கு ஒரு கூடுதல் வேலை: நீங்களே ஒரு பெயர்ப் பட்டியல் தயாரித்துப் பிரதியோடு கொடுங்கள். ஊர், ஆள், பதவி, நாள்காட்டி, ஒவ்வொன்றின் எழுத்துக்கூட்டல், முதலில் வரும் அத்தியாயம். இல்லாவிட்டால் செம்மையாக்குபவர் உங்கள் உலகத்துச் சொல்லைப் பிழை என்று நினைத்துத் ‘திருத்தி’விடுவார்.

வரைபடம் இருந்தால் எழுத்துக்கூட்டல் உறுதியான பிறகே வரையச் சொல்லுங்கள். அச்சில் வரும் அளவிலேயே 300 டி.பி.ஐ. (அங்குலத்துக்கு 300 புள்ளி), கறுப்பு வெள்ளை. இரண்டு பக்கத்துக்கு விரியும் படமென்றால் தலைநகரை நடு மடிப்பில் வைக்காதீர்கள், பைண்டிங்கில் போய்விடும். பயண நாட்களைப் படத்தின் அளவுகோலோடு ஒப்பிடுங்கள். மூன்று நாளில் குதிரை 500 கிலோமீட்டர் ஓடியதை வாசகர்கள் கட்டாயம் கண்டுபிடிப்பார்கள்.

பதில்

சுயபதிப்புக்காரர்களுக்கு அந்த வரைபடம் பணமாகவும் கடிக்கும். அமேசானின் சுயபதிப்புத் தளமான கே.டி.பி.யில் 70 சதவீத ராயல்டியைத் தேர்ந்தால் கோப்பின் மெகாபைட் அளவுக்கேற்ப விநியோகக் கட்டணம் பிடிப்பார்கள். படத்தைச் சுருக்கிச் சேருங்கள். அதன் ‘கே.டி.பி. செலக்ட்’ திட்டத்தில் சேர்ந்தால் 90 நாளுக்கு மின்னூலை வேறெங்கும் விற்க முடியாது, சொந்தத் தளத்திலும்கூட.

ஒப்பந்தங்கள் பார்ப்பவர்

பாக்கி வைத்த மூன்றாவது சரத்து. இரண்டு மூன்று பாகங்களுக்குச் சேர்த்து ஒப்பந்தம் போடும்போது ‘கூட்டுக் கணக்கு’ என்று ஒன்று நுழைந்திருக்கும். எல்லாப் பாகங்களின் முன்பணமும் சேர்ந்து கழியும்வரை முதல் பாகம் எவ்வளவு விற்றாலும் ராயல்டி வராது. தொடரில் பொதுவாக இரண்டாம் பாகம் முதலாவதைவிடக் குறைவாகத்தான் விற்கும். கடைகளும் முதல் பாகம் விற்ற எண்ணிக்கையைப் பார்த்தே இரண்டாவதை வாங்குகின்றன. ஆக, கூட்டுக் கணக்கில் நன்றாக ஓடிய பாகம் மற்றதன் குழியை நிரப்பிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு பாகத்துக்கும் தனிக் கணக்கு என்று எழுதச் சொல்லி முகவரிடம் கேளுங்கள். ஒப்பந்தத்தின் முதல் வரைவு வரும் வரை காத்திருக்காமல் விலை பேசும்போதே கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும்.