ஆஸ்பத்திரிக்குள்ள டவர் இல்ல: ஐபிஎஸ் (IBS, இன்-பில்டிங் சொல்யூஷன்) போடணுமா, வைஃபை காலிங்கே போதுமா?

ரேக்ரூம் ராசா:
பெரிய தனியார் ஆஸ்பத்திரி ஒண்ணுல ஐடி பாக்குறேன், பேரு ஊரு வேணாம். புது பிளாக் வந்ததுல இருந்து ரெண்டு பேஸ்மெண்ட்லயும் டவர் சுத்தமா கிடையாது, கேஷுவால்ட்டில போன் மைனஸ் 118 டிபிஎம் காட்டுது, அதாவது சிக்னல் இருந்தும் இல்லாத மாதிரி, ஜன்னல் பக்கம் போனாலும் வெயில் தடுக்குற மெட்டல் கோட்டிங் கண்ணாடி. மேனேஜ்மெண்ட் ஐபிஎஸ் கொட்டேஷன் வாங்கி வெச்சிருக்கு, அதாங்க கட்டடத்துக்குள்ள கேபிள் இழுத்து சீலிங்ல குட்டி குட்டி ஆண்டெனா மாட்டுறது. எனக்கு இது வெட்டிச் செலவுனு படுது. வைஃபை எல்லா ப்ளோர்லயும் ஏற்கெனவே இருக்கு, ஏர்டெல் 2019 டிசம்பர்லயே வைஃபை காலிங் விட்டாச்சு, ஜியோ 2020 ஜனவரில. ஃபயர்வால்ல யுடிபி 500, 4500 ரெண்டு போர்ட்டையும் திறந்துவிட்டா கால் போகும். இதுக்கு மேல என்ன வேணும்?

ஃபீடர் அண்ணாச்சி:
ஐபிஎஸ் வேலையிலயே தலை நரைச்ச ஆளு நான், அதனால ஒருதலையா பேசுறேன்னு வெச்சுக்கோங்க. ஒரே ஒரு கேள்வி சார், உங்க கெஸ்ட் வைஃபைல நோயாளி கூட வந்தவர் எப்படி உள்ள நுழைவாரு? நம்பர் போடணும், ஓடிபி வரணும். ஓடிபி எதுல வரும்? எஸ்எம்எஸ்ல. எஸ்எம்எஸ் வர டவர் வேணும். டவர் இருந்தா அவரு உங்க வைஃபையவே தேடி வந்திருக்க மாட்டாரு 😄

ரேக்ரூம் ராசா:
அதுக்கு ரிசப்ஷன்ல கூப்பன் அடிச்சுக் குடுக்கலாம் அண்ணாச்சி, ஐடி ப்ரூஃப் வாங்கிக்கிட்டு. பெரிய விஷயமே இல்ல.

செங்கோட்டைக்காரன்:
ராத்திரி ஆம்புலன்ஸ்ல ஆள கூட்டிட்டு வர்றவன் ரிசப்ஷன்ல நின்னு கூப்பன் வாங்குவானா? எங்க சித்தப்பாவ அட்மிட் பண்ணப்ப ஃபார்மஸி பேஸ்மெண்ட்ல, ஜிபே சுத்திக்கிட்டே இருக்கு, பின்னாடி இருபது பேர் கியூ, மருந்துக்காரர் "மேல போயி பே பண்ணிட்டு ஸ்கிரீன்ஷாட் காட்டுங்க"ங்கறாரு. சரினு ரேம்ப் ஏறி போர்டிகோ வரைக்கும் ஓடி பணத்த அனுப்பிட்டு வந்தா கியூல என் இடம் போச்சு. சித்தி கையில பட்டன் போன்தான், அதுல வைஃபையே கிடையாது, டாக்டர் வெளிய வந்து யாரையாவது கூப்பிடச் சொன்னா அவங்க எங்க போவாங்க? உங்க வைஃபை காலிங் ஸ்மார்ட்போன் வெச்சிருக்கவனுக்கு மட்டும்தான், அதுலயும் செட்டிங்க்ஸ்ல போயி ஆன் பண்ணத் தெரிஞ்சவனுக்கு.

நைட் டூட்டி சிஸ்டர்:
நான் எதிர்க்கட்சி. ஐசியூ வாசல்ல டவர் இல்லாம இருக்கறதுதான் எங்களுக்கு இருக்கற ஒரே நிம்மதி. வார்டுல டவர் ஃபுல்லா இருக்கற பக்கம் வந்து பாருங்க, ராத்திரி ஒரு மணிக்கு வீடியோ காலு, ஸ்பீக்கர்ல ரீல்ஸு, பக்கத்து பெட்ல ஆபரேஷன் முடிஞ்சவரு முனகிட்டு கெடக்காரு. கோடு ப்ளூனா, அதாவது யாருக்காவது இதயம் நின்னு போச்சுனா, மைக்ல அனவுன்ஸ் பண்றோம், யாரும் செல்போன்ல கூப்பிடறதில்ல.

ஃபீடர் அண்ணாச்சி:
சிஸ்டர், சத்தத்துக்கு விசிட்டிங் ரூல் போடுங்க, செக்யூரிட்டி வைங்க. ட்யூட்டி டாக்டர் ஈசிஜிய போட்டோ எடுத்து கார்டியாலஜிஸ்டுக்கு வாட்ஸ்அப்ல அனுப்புறாரே, அதுவும் இதே டவர்லதான போகுது?

சீப் பூஸ்டர்:
எதுக்குங்க இவ்ளோ பேச்சு, ஆன்லைன்ல பூஸ்டர் சல்லிசா கிடைக்குது. மொட்டை மாடில ஒரு ஆண்டெனா, பேஸ்மெண்ட்ல ஒண்ணு, ஜோலி முடிஞ்சுது.

ஃபீடர் அண்ணாச்சி:
தம்பி அத மட்டும் செஞ்சிராதீங்க. லைசென்ஸ் இல்லாம அத விக்கறதும் குத்தம், வெச்சிருக்கறதும் குத்தம், டெலிகாம் டிபார்ட்மெண்ட் ஆளுங்க ரெய்டு வந்து கழட்டிட்டுப் போவாங்க. மாடி ஆண்டெனாவும் உள்ள ஆண்டெனாவும் ஒண்ண ஒண்ணு கேட்டுச்சுனா, மைக்க ஸ்பீக்கர் கிட்ட கொண்டு போனா வீல்னு கத்துமே, அதே கதைதான். அந்தக் கூச்சல் டவரோட ரிசீவர்ல ஏறி, ஆஸ்பத்திரிக்கு மட்டுமில்ல, அந்த ஏரியாவுக்கே கால் கட் ஆகும்.

பயோமெட் பாபு:
எனக்கு வேற கவலை. சீலிங்ல ஆண்டெனா மாட்டினா வென்டிலேட்டர், சிரிஞ்ச் பம்ப்புக்கு என்ன ஆகும்னு ஒருத்தரும் கேக்கலையே?

ஃபீடர் அண்ணாச்சி:
இத எல்லாரும் தலைகீழாதான் புரிஞ்சு வெச்சிருக்காங்க. டவர் வீக்கா இருக்கற இடத்துலதான் போன் முக்கி முக்கி கத்தும். 4ஜி போன் 200 மில்லிவாட் வரைக்கும் போகும், 900 மெகாஹெர்ட்ஸ் பேண்ட்ல 2ஜி பட்டன் போன் 2 வாட் வரைக்கும். தலைக்கு மேலயே ஆண்டெனா இருந்தா போன் தானாவே பவர கொறைச்சுக்கும். சீலிங் டோம்ல, அதான் அந்தக் குட்டி ஆண்டெனால, இருந்து வர்றதே சில பத்து மில்லிவாட்தான், அதுவும் பெட்டுல இருந்து தள்ளி. பம்ப்புக்குப் பக்கத்துல ஆபத்துனா அது டவர் கிடைக்காம தவிக்கற போன்தான்.

பயோமெட் பாபு:
கணக்கு சரிதான், ஆனா முழுக் கதை இல்ல. மருத்துவக் கருவிகளுக்கான ஐஇசி 60601-1-2 ஸ்டாண்டர்ட் 2014ல நாலாவது எடிஷன் வந்தப்பதான் 30 சென்டிமீட்டர் தூரத்துல போன் இருந்தா கருவி தாங்குமானு டெஸ்ட் சேத்தாங்க, 900, 1800 பேண்ட் பக்கம் மீட்டருக்கு 28 வோல்ட் வரைக்கும். அதுக்கு முன்னாடி வாங்கின பம்ப்பு இன்னும் வார்டுல ஓடிக்கிட்டுதான இருக்கு? அதுங்க இந்த டெஸ்ட்ட பாத்ததே இல்ல. ஐசியூல டோம் எங்க வரணும்னு பயோமெடிக்கல் ஆளு கையெழுத்து போட்ட பிறகுதான் சீலிங்ல ஓட்டை போடணும், இதுல நான் விட்டுக்குடுக்க மாட்டேன்.

ரேக்ரூம் ராசா:
எனக்கு இன்னொரு சந்தேகம். கொட்டேஷன்ல பாசிவ் சிஸ்டம்னு போட்டிருக்கான், அதாவது நடுவுல கரண்டுல ஓடுற பெட்டி இல்லாம வெறும் கேபிள்லயே சிக்னல பிரிச்சு அனுப்புறது, ஆனா 5ஜி ரெடினும் போட்டிருக்கான், நம்பலாமா?

ஃபீடர் அண்ணாச்சி:
சிக்னல பிரிக்கற ஸ்ப்ளிட்டர், கப்ளரோட டேட்டாஷீட்ட கேட்டு வாங்குங்க. பழைய சரக்கெல்லாம் 2700 மெகாஹெர்ட்ஸோட நின்னுரும், நம்ம 5ஜி பெரும்பாலும் 3300க்கு மேல. அரை இஞ்ச் ஃபீடர் கேபிள்ல 900 பேண்ட் 100 மீட்டருக்கு 7 டிபி போல சிக்னல தின்னும், 3500ல அதோட ரெண்டு மடங்கு. பெரிய கட்டடத்துல கடைசி ஆண்டெனாவுக்குப் போய்ச் சேரும்போது மிச்சம் ஒண்ணும் இருக்காது. அதான் ப்ளோர் வரைக்கும் ஃபைபர்ல கொண்டு போயி அங்கங்க ரிமோட் யூனிட் வைக்கற ஆக்டிவ் சிஸ்டம் கேளுங்கனு சொல்றேன். கரண்டும் ஏசியும் அதிகமா கேக்கும், அத மறைக்கல.

ரேக்ரூம் ராசா:
ஒரு கம்பெனி "எங்களுக்கு மட்டும் இடம் குடுங்க, ஃப்ரீயாவே போட்டுத் தர்றோம்"னு வேற வந்து நிக்குது.

ஃபீடர் அண்ணாச்சி:
வேணவே வேணாம் சார், அப்பறம் மத்த சிம்காரன்லாம் மறுபடி ரேம்ப்தான் ஏறணும். ஒரே கம்பெனிக்கு எழுதிக் குடுக்கற பழக்கம் கூடாதுனு 2017லயே டெலிகாம் ஒழுங்குமுறை ஆணையமான டிராய் பரிந்துரை பண்ணிருக்கு. 2024 அக்டோபர்ல கட்டடங்களுக்கு டிஜிட்டல் கனெக்டிவிட்டி ரேட்டிங்கும் கொண்டு வந்தாச்சு, உங்க மேனேஜ்மெண்டுக்கு ஸ்டார்னா பிடிக்கும்ல, அத சொல்லிப் பாருங்க. எல்லா ஆபரேட்டரும் ஒரே கேபிள்ல ஏற்ற மாதிரி, 900ல 2ஜியும் சேத்து போடச் சொல்லுங்க. இல்லனா அந்த சித்தி போன் அப்பவும் ஊமைதான்.

ரேக்ரூம் ராசா:
சரி, ரெண்டு பேஸ்மெண்ட், கேஷுவால்ட்டி, லிஃப்ட் லாபி மட்டும் ஐபிஎஸ்னு எழுதறேன். ஆனா வார்டு பிளாக்குக்கு வைஃபைதான், அந்த ஏழு மாடிக்கும் கேபிள் இழுக்க என் பட்ஜெட்ல இடமில்ல.

ஃபீடர் அண்ணாச்சி:
அப்ப வார்டுல வைஃபை காலிங்ல பேசிக்கிட்டே லிஃப்ட்ல ஏறுறவருக்கு? உள்ள டவர் இல்லனா கதவு மூடின உடனே கால் கட். லாபியோட நிக்காம லிஃப்ட் கிணத்துக்குள்ளயும் ஆண்டெனா போடச் சொல்லுங்க.

நைட் டூட்டி சிஸ்டர்:
போடறது போடறீங்க, கேத் லேபுக்கு, அதான் ஆஞ்சியோ பண்ற ரூமுக்கு, வெளிய பெஞ்சு இருக்கற பக்கம் ஒண்ணு வைங்க, அங்க காத்திருக்கறவங்க நிஜமாவே தவிக்கறாங்க. உள்ள மட்டும் வேணாம்.

ரேக்ரூம் ராசா:
உள்ள செவுரு பூரா ஈயத்தகடு சிஸ்டர், நீங்க கெஞ்சினாலும் வராது.