விண்வெளிப் பாடத்தை புக்கைத் தாண்டி எடுத்தவங்க அனுபவம் சொல்லுங்க

ஆறாம் கிளாஸ் சமூக அறிவியல் டீச்சர்:

சூரியக் குடும்பம் பாடத்துல புக்கு கேக்குறது கோள்களோட வரிசை, தன்மை, அவ்ளோதான். பசங்க கடகடன்னு ஒப்பிச்சிடுவாங்க, ஆனா சார்ட்ல இருக்குற மாதிரி எல்லாம் பக்கத்து பக்கத்துல இருக்கும்னுதான் நெனப்பு. அதனால தனியா எக்ஸ்ட்ரா பாடம்னு வெக்காம அதே வரிசைய கிரவுண்டுக்கு கொண்டு போயிட்டேன். 1 செ.மீ.க்கு 1 லட்சம் கி.மீ. சூரியன் மஞ்சள் சார்ட்டுல வெட்டின 14 செ.மீ. வட்டம், பூமி சின்னதா ஒரு கடுகு, 15 மீட்டர் தள்ளி. வியாழன் கோலிக்குண்டு, 78 மீட்டர், அங்கயே காம்பவுண்டு சுவர் வந்துருச்சு. நெப்டியூன் 450 மீட்டர்னு கணக்கு வந்ததும் அது பஸ் ஸ்டாப்புக்கு முன்னாடியா தாண்டியான்னு ஒரே சண்டை. சூரியன ஆராய இந்தியா அனுப்பின விண்கலம் ஆதித்யா எல்1 எங்க மிஸ்னு ஒருத்தன் கேட்டான், கடுகுலேர்ந்து சூரியன் பக்கமா 15 செ.மீ.தான்டான்னேன், அது சூரியனுக்கே போயிருச்சுன்னு நெனச்சிட்டிருந்த மொத்த கிளாஸும் ஏமாந்துருச்சு.

எனக்கு இதுல ரொம்ப புடிச்சது ஒளிதான். இந்த அளவுல அது செகண்டுக்கு 3 செ.மீ.தான் நகரும். ஒரு பொண்ண ஒளியாக்கி ஸ்கேல் வெச்சு நகர விட்டோம், கடுகுகிட்ட வர 8 நிமிஷத்துக்கு மேல ஆச்சு, எண்ணிக்கிட்டே வந்தவங்களுக்கு பொறுமையே போயிருச்சு. போர்ஷன் என்னாகுதுன்னு கேப்பீங்க, கணக்கு டீச்சரும் கூட வந்தாங்க, அவங்களுக்கு விகிதம் பாடம் இதுலயே ஓடிருச்சு, ரெண்டு பீரியட சேத்து எடுத்துக்கிட்டோம்.

அறிவியல் சார்:

இதே அளவ நான் கிரகணத்துக்கு வெச்சுக்குறேன் மிஸ். ஒவ்வொரு பௌர்ணமிக்கும் ஏன் கிரகணம் வரலன்னு யாராவது கேப்பாங்க, நிலாவோட பாதை 5 டிகிரி சாஞ்சிருக்குன்னா தலைய ஆட்டிட்டு உக்காந்துடுவாங்க, புரிஞ்சிருக்காது. கடுகுலேர்ந்து 4 செ.மீ.கிட்ட நிலா. கோணமானி வெச்சு 5 டிகிரிக்கு கோடு போட்டா அந்த எடத்துல 3 மி.மீ.க்கு மேல தூக்கிடுது. கடுகே 1.3 மி.மீ.தான், அப்புறம் அதோட நிழல் எப்படி நிலா மேல விழும்? நோட்டுலயே முடிஞ்சிரும், கிரவுண்டு இல்லாத ஸ்கூலுக்கு இது வசதி.

சென்னைலேர்ந்து ஒருத்தர்:

நாங்க பண்றது நிழலில்லா நாள், அதாவது உச்சி வேளையில சூரியன் நேர் தலைக்கு மேல வந்து, நேரா நிக்கிற பைப்போட நிழல் பக்கத்துல விழாம போற நாள். சென்னையில ஏப்ரல் 24 வாக்குல ஒண்ணு, அப்ப பரீட்சை, அதனால ஆகஸ்ட் 18 வாக்குல வர்றத புடிச்சுக்குறோம். பசங்க சரியா 12 மணிக்கு நிழல் காணாம போகும்னு காத்திருப்பாங்க, போகாது, இன்னும் பன்னெண்டு பதிமூணு நிமிஷம் ஆகும். ஏன் லேட்டுன்னு கேள்வி வரும்போதுதான் தீர்க்கக்கோட்ட எடுப்பேன். நம்ம கடிகாரம் 82½ டிகிரி கிழக்குக்கு ஓடுது, சென்னை அதுக்கு மேற்கால இருக்கு. லேட்டுக்கு முக்கால்வாசி காரணம் அதான், மிச்சம் பூமி சுத்துற பாதை நீள்வட்டமா, அச்சு சாஞ்சு இருக்குறதால வர்றது, அத பெரிய கிளாஸுக்கு மட்டும் சொல்லுவேன். செலவு ஒரு துண்டு பிவிசி பைப்தான். அது நேரா நிக்குதான்னு மட்டும் தூக்குக்குண்டு வெச்சு பாத்துக்கோங்க, கொஞ்சம் சாஞ்சாலும் நிழல் விழும், மேகம் வந்தா அடுத்த நாளும் பாக்கலாம், பெருசா வித்தியாசம் தெரியாது.