சாப்பாட்டு அறைக்குப் புது செட்டா, பழைய சாமானா?

வெறுங்கூடம்:
வீடு மாறி நாலு மாதம் ஆகிறது. சாப்பாட்டு அறை மட்டும் காலியாகக் கிடக்கிறது, இன்னும் ஸோஃபாவில் தட்டை மடியில் வைத்துக்கொண்டுதான் சாப்பிடுகிறோம். கையில் இருக்கும் பணத்துக்கு மேசையும் ஆறு நாற்காலியும் சேர்ந்த புது செட் வாங்கலாம். அட்டைப்பெட்டியில் வரும், நாமே திருகி மாட்டிக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் அதே பணத்துக்கு ஒரு பழைய மர மேசை, இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சேர்த்த நாற்காலிகள், மேலே ஒரு தொங்கு விளக்கு என்று கூட்டிச் சேர்க்கலாம். அறை பார்க்க லட்சணமாக இருக்க வேண்டும் என்பது என் ஆசை. எந்தப் பக்கம் போகலாம்?

நேர்க்கணக்கு:
செட் வாங்கிவிடுங்கள். பழைய சாமான் வாங்குகிறவர்கள் வாங்கிய விலையை மட்டும்தான் சொல்வார்கள். வண்டி வாடகை, ஏற்றி இறக்கும் கூலி, பாலிஷ், தச்சருக்கு ஒரு நாள் சம்பளம், இதெல்லாம் அந்தக் கணக்கில் வராது. நான் பட்டு அறிந்தவன். மலிவாகக் கிடைக்கிறதே என்று நான்கு நாற்காலிகளைத் தூக்கி வந்தேன். வெளிச்சம் இல்லாத மாடிப்படியில் நின்று பார்த்து வாங்கியது. பத்து நாளில் கால்களுக்குக் கீழே மாவு மாதிரிப் பொடி. பெருக்கினால் மறுநாளும் இருக்கும். குனிந்து பார்த்தால் குண்டூசித்தலை அளவில் ஓட்டைகள், உள்ளே வண்டு. நான்கையும் வெளியே போட்டேன், பக்கத்தில் இருந்த புத்தக அலமாரிக்கும் மருந்து அடிக்க வேண்டியதாயிற்று. மொத்தச் செலவில் புது நாற்காலியே வந்திருக்கும்.

கழுந்து:
உங்கள் கஷ்டம் புரிகிறது. ஆனால் அந்த நாற்காலிகளை வெளிச்சத்தில் கவிழ்த்துப் பார்த்திருந்தால் அங்கேயே விட்டுவிட்டு வந்திருப்பீர்கள். வண்டு ஓட்டை 1 முதல் 2 மில்லிமீட்டர்தான் இருக்கும். உள்ளே வெளுப்பாக, ஓரம் கூர்மையாக, தட்டினால் வெளிர்ப்பொடி கொட்டினால் அது இன்னும் தின்றுகொண்டிருக்கிறது. ஓட்டைக்குள் கறுத்து அழுக்கு அடைந்து, பொடி எதுவும் வராவிட்டால் பெரும்பாலும் என்றோ பறந்துபோனது.

அடுத்து மூட்டு. சீட்டின் மேல் ஒரு முழங்காலை ஊன்றிக்கொண்டு, முதுகுச்சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக் குறுக்கே அசையுங்கள். 'டக் டக்' என்று கேட்டால் பசை விட்டிருக்கிறது. அதற்காக வேண்டாம் என்று சொல்லாதீர்கள், விலையைக் குறையுங்கள். பழைய நாற்காலிகளில் பலவும் கழுந்தும் (துளைக்குள் நுழையும் மரமுனை) துளையுமாகச் சேர்த்து விலங்குப் பசை போட்டவை. அந்தப் பசை சூட்டுக்கும் ஈரத்துக்கும் இளகும். பிரித்து, பழைய பசையைச் சுத்தமாகச் சுரண்டி, புதுசு வைத்து ஓர் இரவு கிளாம்ப் போட்டு இறுக்கினால் இன்னொரு தலைமுறை உட்காரலாம். கால் நீளவாட்டில் வெடித்திருந்தால் மட்டும் தொடாதீர்கள்.

மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை, அதாவது பார்ட்டிக்கிள் போர்டு மேசையில் இந்த வழியே இல்லை. ஓரத்தில் தண்ணீர் இறங்கினால் உப்பும், காய்ந்தாலும் பழைய நிலைக்குத் திரும்பாது. திருகு பிய்த்துக்கொண்ட ஓட்டையில் மறுபடி திருகு பிடிக்காது. சாப்பாட்டு மேசையில் தண்ணீர் சிந்தாமல் எத்தனை நாள் இருப்போம்?

நேர்க்கணக்கு:
புதுசு என்றாலே பார்ட்டிக்கிள் போர்டு என்று முடிவு கட்டாதீர்கள். ரப்பர் மரத்தில் முழுப்பலகையாகச் செய்த செட்களும் இருக்கின்றன. அதேபோல் பழையது என்றாலே கட்டை மரமும் இல்லை. ஐம்பது வருடம் முன்பே மரத்தூள் பலகையின் மேல் வெனீர், அதாவது மெல்லிய மரத்தகடு ஒட்டி ஏராளமாகச் செய்துவிட்டார்கள். அதைத் தேக்கு என்று நம்பி வாங்கி, உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறவர்கள் எத்தனை பேர்! நாலு தேய்ப்பில் அடியில் இருக்கும் பலகை பல்லைக் காட்டும்.

கழுந்து:
அது சரிதான், ஒத்துக்கொள்கிறேன். இந்தக் கால வெனீர் அரை மில்லிமீட்டர் சொச்சம்தான் இருக்கும். கண்டுபிடிக்க மேசையின் ஓரத்தைப் பாருங்கள். மேலே ஓடும் ரேகை, பலகையின் தலைப்பக்கத்தில் வளையக் கோடுகளாக முடிந்தால் கட்டை மரம். மேல் ரேகைக்கும் ஓர ரேகைக்கும் சம்பந்தமே இல்லையென்றால் ஒட்டியது. ஒட்டியதை வாங்கக்கூடாது என்பதில்லை, துடைத்து மெழுகு போட்டு வைத்துக்கொள்ளலாம். தேய்க்கத்தான் கூடாது.

வாடகைவாசி:
நான் ஆறு வருடத்தில் மூன்று வீடு மாறியவள். அட்டைப்பெட்டியில் வருவதை இவ்வளவு இளக்காரமாகப் பேச வேண்டாம். மரச்சாமான் செய்த மைக்கேல் தோனெட் 1859ல் கொண்டுவந்த 14ஆம் எண் நாற்காலியும் பிரித்து அனுப்பியதுதான். வளைத்த பீச் மரத்துண்டுகள் 6, திருகு 10, நட்டு 2, அவ்வளவே. ஒரு கன மீட்டர் பெட்டியில் 36 நாற்காலிகளை அடுக்கிவிடலாம். அவை இன்றைக்கும் பழைய சாமானாகக் கைமாறுகின்றன. ஆகவே திருகி மாட்டுவதில் குறை இல்லை, என்ன மரம், எப்படிச் சேர்த்தது என்பதுதான் கேள்வி. நான் பழைய மேசை வாங்கினால் முதலில் கேட்பது கால் கழலுமா என்று. கழலாத மேசை என் இரண்டாவது வீட்டு வாசலில் நுழையவில்லை, வந்த விலைக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

பிரம்புக்கூடை:
எல்லாரும் மரத்தைப் பற்றியே பேசுகிறீர்கள், கேட்டவர் லட்சணத்தையும் கேட்டிருக்கிறார். என் வீட்டில் ஆறு நாற்காலிகள் மூன்று ஜாதி. இரண்டு பிரம்புப் பின்னல், மூன்று கம்பி முதுகு, ஒன்று தலைமாட்டில் போட்ட கைப்பிடி நாற்காலி. வருகிறவர்கள் யாரும் ஒட்டுப்போட்டது போல் இருக்கிறது என்று சொன்னதில்லை. காரணம் சீட்டின் உயரம். ஆறும் தரையிலிருந்து 45 சென்டிமீட்டர், ஒரு விரல் கூடக்குறைய. ஒரு நாற்காலி மட்டும் பள்ளமாக இருந்தால் அதில் உட்காருகிறவர் குழந்தை மாதிரி ஆகிவிடுவார். அப்புறம் எல்லா சீட்டுக்கும் ஒரே துணி. கீழே நாலு திருகு, கழற்றினால் சீட்டு தனியாக வரும். துணியை இழுத்துப் பிடித்து ஸ்டேப்ளர் அடித்தால் ஒன்றுக்கு அரை மணி நேரம். பழைய துணியையும் பஞ்சையும் வீட்டுக்கு வெளியிலேயே பிரித்துவிடுங்கள், மூட்டைப்பூச்சி தையல் மடிப்பிலும் திருகு ஓட்டையிலும்தான் ஒளிந்திருக்கும்.

ஆளுக்கு 60 சென்டிமீட்டர் மேசை நீளம், நாற்காலிக்குப் பின்னால் சுவர் வரை 90. இந்த இடம் இல்லாவிட்டால் எவ்வளவு அழகான மேசையும் அறையை அடைத்துக்கொண்டு நிற்கும். விளக்கு மேசைக்கு மேல் 75 முதல் 90க்குள் தொங்கட்டும்.

நேர்க்கணக்கு:
பிரம்புக்கூடை சொல்வது அழகு, ஆனால் அந்த ஆறையும் சேர்க்க எத்தனை மாதம் ஆயிற்று என்று சொல்லுங்கள். எல்லாருக்கும் அந்தப் பொழுது இருக்காது. இன்னொன்று, பழைய பெயிண்ட். அமெரிக்காவிலேயே வீட்டுப் பெயிண்டில் ஈயத்துக்கு 1978ல்தான் தடை வந்தது. அந்தக் கால நாற்காலியில் பெயிண்ட் உரிந்தால் உலர்ந்தபடியே தேய்க்காதீர்கள். தூசி குழந்தைகளுக்கு விஷம்.

பிரம்புக்கூடை:
ஒன்பது மாதம் ஆயிற்று. முதல் நாலு மாதம் மேசையும் இரண்டு நாற்காலியும்தான். அது எனக்குக் குறையாகத் தெரியவில்லை, அந்த அறையில் உட்கார்ந்து பார்த்துத்தான் அடுத்தது எது வேண்டும் என்றே தெரிந்தது. பெயிண்ட் விஷயத்தில் நீங்கள் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. உரியும் பெயிண்ட் உள்ளதை நான் வாங்குவதே இல்லை.

வெறுங்கூடம்:
ஞாயிற்றுக்கிழமை ஒரு மேசை பார்க்கப் போனேன். டார்ச், அளவு நாடா, பொடி கொட்டுகிறதா என்று பார்க்கக் கறுப்புத் தாள் மூன்றும் கையில். மேசை உயரம் 74. ரேகை தலைப்பக்கத்தில் வளையமாக முடிகிறது. அடியில் படுத்துப் பார்த்தேன், கால்கள் போல்ட்டில் நிற்கின்றன, கழலும். ஒரு மூலையில் மட்டும் அசைவு. ஆனால் மேசைக்கு அடியில் சுற்றி ஓடும் சட்டம் தரையிலிருந்து 61தான் இருக்கிறது. அங்கிருந்த 46 சென்டிமீட்டர் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன், தொடை சட்டத்தில் இடித்தது. இன்னொரு வகையின் சீட் உயரம் 43 சென்டிமீட்டர், அதில் கால் தாராளமாக நுழைந்தது. மேசையையும் அந்த 43 சென்டிமீட்டர் நாற்காலிகளில் இரண்டையும் பேசி முடித்தேன். மீதி நான்கை ரப்பர் மரத்தில் புதிதாக வாங்கலாம் என்று வீட்டில் பேச்சு, சீட் 43க்குத் தேடுகிறோம்.

நேர்க்கணக்கு:
அந்த இரண்டையும் உடனே உள்ளே கொண்டுபோகாதீர்கள். கறுப்புத் தாளைக் கால்களுக்கு அடியில் போட்டு இரண்டு வாரம் வெளியே நிறுத்துங்கள், மழை படாத இடமாக. பொடி விழுந்தால் இங்கே எழுதுங்கள், எந்த மருந்து வேலை செய்தது என்று சொல்கிறேன்.

கழுந்து:
அசைகிற மூலையில் போல்ட்டை இறுக்கிப் பார்த்தீர்களா? பாதி நேரம் அவ்வளவுதான் விஷயம். இறுக்கியும் ஆடினால் அந்த மூலைக்கட்டையைப் படம் எடுத்துப் போடுங்கள், பசை வைக்கும் முன் பார்த்துவிடலாம்.